கனகசெட்டிக்குளத்து அரணை

புதுச்சேரி எப்படி இருந்தது என்று மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவில் கேட்பவர்களிடம் நான் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். சங்கரா மீன்குழம்பு, நீள ரொட்டி, சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர்கள். கேட்டவர்கள் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். அவர்களிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அரணை என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. பல்லிக்குச் சொந்தம்தான். ஆனால் எண்ணெய் தடவி விட்டது போலப் பளபளக்கும் உடம்பு, கழுத்தென்று தனியாகத் தெரியாத தலை, அவசரத்தில் ஒட்டவைத்தது மாதிரி குட்டைக் கால்கள். எங்கள் பக்கம் மலாய்க்காரர்கள் பெங்காருங் என்பார்கள். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் சருகு சலசலத்தால் பாதி நேரம் அதுதான். ஓர் அரணைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. முதுகுச் செதில்களைப் பார்க்க வேண்டும், அவற்றின் மேல் வரப்பு போல ஓடும் கோடுகளை எண்ண வேண்டும், கீழ் இமையைப் பார்க்க வேண்டும். படம் அனுப்பி "இது எந்த அரணை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் இணையக் குழு ஒன்றில் நான் பல வருடங்களாக இருக்கிறேன். அங்கே நான் சொன்னால் மறுபேச்சு இல்லை. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அந்தக் குழுவில் பழக்கமானவள்தான் நிர்மலா. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள். "எங்க பசங்களுக்கு அரணை அடையாளம் பாக்கக் கத்துக்குடுங்கக்கா. அப்படியே நம்ம கடற்கரை மணல் அரணையும் பாத்துட்டுப் போலாம்" என்று கூப்பிட்டாள். படங்களில் மட்டுமே பார்த்திருந்த அரணை அது. உடனே கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் காலை நிர்மலா வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தெருவைக் கடக்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். கல்லூரிப் பிள்ளைகளும் அலுவலகத்துக்குப் போகிறவர்களும் ஸ்கூட்டரில் ஒருவர் காதருகில் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள். ஈப்போவில் ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம். இங்கே அது சௌக்கியம் விசாரிப்பது போல.

அப்போதுதான் அஞ்சலை வந்தாள். கனகசெட்டிக்குளம் என்ற கடலோரக் குப்பத்திலிருந்து மீன் கொண்டு வந்து அந்தத் தெருக்களில் விற்பவள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அன்னக்கூடையை இறக்கிவைத்து, அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, உங்க மலேசியாவுல சங்கரா கெடைக்குமா?"

"கிடைக்கும். ஆனால் நீங்கள் வெட்டுவது போல வெட்டித் தரமாட்டார்கள்."

"புத்தகத்துல இருக்கற மாதிரியே பேசறாங்கம்மா" என்று நிர்மலாவிடம் சொல்லிச் சிரித்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று நிர்மலா சொன்னதும் அவளுக்கு இன்னும் சிரிப்பு. "பாம்புராணியா? அத்தப் பாக்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தாங்க? எங்க வூட்டுப் பின்னால வாங்கம்மா, மணல்ல குறுக்கும் நெடுக்குமா ஓடுது. ஆனா கிட்டப் போவக்கூடாது. நக்குச்சுன்னா ஆளு அவ்ளோதான்."

அரணைக்கு அந்தப் பக்கத்தில் பாம்புராணி என்று பேர். பாம்பும் அரணையும் சேர்ந்த சொல். அரணை விஷமுள்ளது, நக்கினாலே சாவு என்ற பயம் தமிழ் பேசும் ஊர் எல்லாவற்றிலும் உண்டு. எங்கள் தோட்டப்புறத்திலும் உண்டு. உண்மையில் அரணைக்குத் துளி விஷம் கிடையாது. இதை விளக்க எனக்கு எப்போதுமே ஆசை. அஞ்சலையிடமும் விளக்கினேன். அவள் செதிலைச் சீவிக்கொண்டே, "நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்று மதியம் வடகம் தாளித்த சங்கராக் குழம்பு. மூன்று தடவை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கல்லூரியில் பேசினேன். வேப்பமர வேரடியில் ஒரு தோட்டத்து அரணை அகப்பட்டது. மாணவர்கள் வரிசையாக வந்து லென்ஸ் வழியே அதன் முதுகைப் பார்த்தார்கள். ஒவ்வொரு செதிலிலும் உழுத வயல் போல வரப்பு. அதன் கீழ் இமையைச் செதில் மூடியிருக்கும், ஒளி புகாது. "நாளைக்கு நான் பார்க்கப்போகும் மணல் அரணைக்குக் கீழ் இமையில் கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒரு வட்டம் இருக்கும். கண்ணை மூடினாலும் அதற்குப் பார்வை தெரியும். மணல் விழாது" என்றேன். பிள்ளைகள் "ஓ" என்றார்கள். அந்த "ஓ"வுக்காகத்தான் இத்தனை வருடம் பாடம் நடத்தினேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், எங்க வீட்ல பாம்புராணி கடிச்சுச்சுன்னா ஒடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அது தப்பா?"

"போகலாமே. டாக்டருக்கும் கொஞ்சம் சிரிப்பு வேண்டாமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் சிரித்த மாதிரி உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் நடந்தோம். பெஞ்சில் ஒரு பெரியவர் கைப்பேசியில் வெகுநேரம் பிரெஞ்சில் யாரையோ கண்டித்துக்கொண்டிருந்தார். நீளமான, அழகான கண்டிப்பு. ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. கடைசியில் குரல் இறங்கி, "சரி வைடா. சாப்ட்டியா?" என்று தமிழில் முடித்தார். நிர்மலாவும் நானும் வீடு போகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அதுவே கடைசி.

மூன்றாம் நாள் விடியும்போதே நிர்மலாவின் ஸ்கூட்டரில் கனகசெட்டிக்குளத்துக்கு, அஞ்சலை வீட்டுக்குக் கிளம்பினோம். வெயில் ஏறுமுன் போனால்தான் அரணை சோம்பலாக இருக்கும், படம் எடுக்கலாம். காலாப்பட்டு தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். பஞ்சர் கடைக்காரர் இன்னும் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "நீங்க முன்னால போங்கக்கா, நான் ஒட்டிக்கிட்டு வரேன்" என்று நிர்மலா என்னை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஆட்டோவில் எனக்கு இந்தப் பக்கம் ஐஸ் பெட்டி, அந்தப் பக்கம் பள்ளிச் சீருடையில் தூங்கி விழும் ஒரு பெண்.

அஞ்சலை வாசலிலேயே காத்திருந்தாள். கணவன் சேகர் கடலுக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டில் அவளுடைய ஓரகத்தி பூங்காவனம் இருந்தாள். வீட்டுக்குப் பின்னால் சவுக்கு வேலி, அதை ஒட்டிப் பழைய வலையும் தென்னை ஓலையும் குவிந்து கிடந்தன. அதற்கப்பால் மணல், பிறகு கடல்.

"இதுக்குள்ளதான் பூந்துக்கும்" என்று அஞ்சலை ஓலைக்குவியலைக் காட்டினாள்.

நான் கேமராவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு மணலில் மண்டியிட்டேன். "அந்த ஓலையைக் கொஞ்சம் தூக்குங்கள் அஞ்சலை. அடியில் கைவிட்டு மெதுவாக. அது ஓடுவதற்குள் எடுத்துவிடுகிறேன்."

அவள் தயங்கினாள். "கையா?"

"ஒன்றும் செய்யாது."

அவள் கையை விட்டாள். ஓலை எழும்பியது. அதே கணத்தில் "ஸ்ஸ்" என்று கையை உதறினாள். குவியலிலிருந்து பளபளவென்று ஒன்று மணலில் பாய்ந்தது. நடுமுதுகில் வெளிர்க்கோடு, இரு ஓரமும் கறுப்பு. நான் தேடி வந்த அதே அரணை.

"கடிச்சுடுச்சு டீச்சரம்மா!"

நான் அரணையைப் பார்த்தேன். அவள் கையைப் பார்க்கவில்லை. அதன் பின்னாலேயே ஓடி, வேலியோரம் மடக்கி, கொண்டுபோயிருந்த ஒளி ஊடுருவும் பெட்டியில் பிடித்துவிட்டேன். லென்ஸை வைத்தேன். அது கண்ணை மூடியது. கீழ் இமையில் அந்த வட்டம், சின்னக் கண்ணாடிச் சில்லு மாதிரி தெளிவாகத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நிமிர்ந்தபோது பூங்காவனமும் அக்கம்பக்கத்தினரும் கூடியிருந்தார்கள். அஞ்சலையின் விரலில் ஊசி குத்தியது போல இரண்டு புள்ளி. வீக்கம் இல்லை, ரத்தமும் இல்லை.

"வலிக்குதாடி?" என்று பூங்காவனம் கேட்டாள்.

"வலியே இல்ல. கொஞ்சம் மரத்தாப்புல கீது."

"பாம்புராணி கடிச்சுருக்கு, நின்னு பேசிக்கினு இருக்கீங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள் பூங்காவனம். யாரோ கிளம்பியும் விட்டார்கள்.

நான் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினேன்.

என் வகுப்பறைக் குரலில் பேசினேன். அரணைக்கு விஷப்பல் கிடையாது, அதன் பல் அரிசி நொய்யைவிடச் சின்னது என்றேன். பூங்காவனம் நம்பவில்லை. "உங்க ஊர்ல இல்லாம இருக்கும். எங்க ஊருதுக்கு இருக்கு" என்றாள். அப்போது நான் ஒன்று செய்தேன். பெட்டியைத் திறந்து, அரணையைப் பிடித்து, அதன் வாயில் என் சுட்டுவிரலை வைத்தேன். பாவம், அது ஒரு கடி கடித்தது. துணிக் கிளிப் மாட்டியது போல இருந்தது. விரலை எல்லாருக்கும் காட்டினேன்.

"பார்த்தீர்களா?"

கூட்டம் சிரித்தது. அஞ்சலைதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "அவங்களே கையக் குடுக்கறாங்க, எனக்கு இன்னா ஆவப்போவுது? போங்க, போயி வேலயப் பாருங்க" என்று அனுப்பிவிட்டு எனக்கு டீ போட உள்ளே போனாள். பூங்காவனம் மட்டும் போகாமல் வேலியில் சாய்ந்து நின்றாள்.

டீ நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக்கைவிட நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மணலில் உட்கார்ந்து முதுகுச் செதிலைப் படம் எடுத்தேன். வெயில் வேலியைத் தாண்டி முற்றத்துக்கு வந்தது. அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். "காலைல ஒண்ணும் துண்ணல, அதான் வயித்த இன்னாமோ பண்ணுது" என்றாள். சிறிது நேரம் கழித்து, தூக்கம் வருகிறது என்றாள். நான் தலையை நிமிர்த்தாமலே, "படுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

பூங்காவனம் போட்ட சத்தத்தில்தான் திரும்பினேன்.

"அடியே, கண்ணத் தொறடி!"

அஞ்சலை திறக்கத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்து முயன்றாள். மேல் இமைகள் எழவில்லை. "தொறக்க மாட்டேங்குது" என்றாள். வார்த்தை குழறியது. எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் வழிந்தது.

இமை தொங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பாடமே நடத்தியிருக்கிறேன். வலியில்லை, வீக்கமில்லை, வயிற்றுவலி, பிறகு இமை, பிறகு தொண்டை, பிறகு மூச்சு. அந்த ஓலைக்கடியில் அரணை மட்டும் இருந்திருக்கவில்லை. அது கட்டுவிரியன். நான் அரணையைச் சரியாக அடையாளம் கண்டேன். கடித்தது எது என்று பார்க்கவே இல்லை.

மீன் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று தெருவில் நின்றது. ஐஸ் பெட்டிகளை மணலில் தள்ளிவிட்டு அஞ்சலையைப் படுக்கவைத்தோம். வண்டி கிளம்பவில்லை. தெருவே சேர்ந்து தள்ளியது. நானும் தள்ளினேன், செருப்பு மணலில் சிக்கி விழுந்தேன், எழுந்து தொற்றிக்கொண்டேன். அஞ்சலையின் தலை பூங்காவனத்தின் மடியில். வழியெல்லாம் அவள், "மூச்சு வுடுடி, மூச்சு வுடுடி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

நல்லவேளை, பெரிய ஆஸ்பத்திரி ஒன்று மெயின் ரோட்டிலேயே இருந்தது.

"என்ன கடிச்சது?" என்று கேட்டார் அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர்.

"பாம்புராணி" என்றாள் பூங்காவனம்.

"இல்லை டாக்டர்" என்றேன். "அரணையும் அங்கே இருந்தது, ஆனால் கடித்தது அது இல்லை. கட்டுவிரியனாக இருக்கும்."

"எப்ப?"

"காலங்காத்தால."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "பக்கத்துலதான இருக்கீங்க. ஏன் இவ்ளோ லேட்டு?"

பூங்காவனம் இப்போதுதான் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"வண்டி கெடைக்கல டாக்டர்" என்றாள் அவள்.

விருந்தாளி என்று நினைத்து அப்படிச் சொன்னாளா, என்னைப் பேசவைத்து நேரத்தைக் கழிக்க வேண்டாம் என்று சொன்னாளா, தெரியாது. நான் அந்தப் பொய்க்குப் பின்னால் நின்றுகொண்டேன். கதவு மூடியது. உள்ளே அஞ்சலைக்குக் குழாய் போட்டு இயந்திரத்தின் மூலம் மூச்சு கொடுத்தார்கள், விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள்.

டியூபையே மாற்ற வேண்டி வந்து, அஞ்சலை வீட்டுக்குப் போய்விட்டு நிர்மலா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவள் கைப்பேசியில் ஒரு படம் இருந்தது. நாங்கள் போன பிறகு ஊர்க்காரர்கள் குவியலைப் பிரித்திருக்கிறார்கள். கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட பாம்பு, வலைக்குள் சுருண்டு கிடந்தது. நிர்மலா என் முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். ஏன் என்று கேட்டிருந்தால் தேவலை.

மதியம் சேகர் வந்தான். ஈரக் கைலி, முகமெல்லாம் உப்பு. யாரோ அவனிடம், கடித்தது பாம்பு என்று மலேசியா டீச்சர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க இல்லன்னா பாம்புராணின்னே வுட்டுருப்பாங்க. நல்லா இருப்பீங்கம்மா."

அந்தக் கும்பிடு கேட்காமலே என் முன்னால் வந்து நின்றது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. பூங்காவனம் இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"இல்லை தம்பி. அவர்கள் உடனே கிளம்பினார்கள். நான்தான் தடுத்தேன். கையை விடச் சொன்னதும் நான்தான்" என்றேன். விரலைக் கடிக்கக் கொடுத்ததையும் டீ குடித்ததையும்கூடச் சொன்னேன்.

அவன் கூப்பிய கையை இறக்க மறந்து நின்றான். பிறகு இறக்கி, கைலியில் துடைத்துக்கொண்டான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் பூங்காவனத்திடம் திரும்பி, "அண்ணி, ஊசி போட்டாச்சா? எத்தினி போட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே கதவு பக்கம் போய்விட்டான். அந்த நடைக்கூடத்தில் நான் இருக்கிறேன் என்பதே அவனுக்கு அதற்குப் பிறகு நினைவில்லை.

அரணைப் பெட்டி என் பையிலேயே இருந்தது. வெயில் தாழ்ந்த பிறகு நிர்மலா என்னை அழைத்துப்போய் அதைச் சவுக்கு வேலியருகே விடச் செய்தாள். பயத்தில் வாலைக் கழற்றிப் போட்டிருந்தது. அரணைக்கு வால் மறுபடி வளரும் என்று அன்றைக்கு யாரிடமும் விளக்கவில்லை.

மறுநாள் கல்லூரியில் இரண்டாவது வகுப்பு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "நடந்ததைச் சொல்லுங்கக்கா" என்றாள் நிர்மலா. சொன்னேன். அரணைக்கு விஷமில்லை என்பது சரி, ஆனால் கடித்தது அரணைதான் என்று நமக்கு எப்படித் தெரியும், தெரியாதவரை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றேன். பின்வரிசைப் பெண் இருந்தாள். அவளைப் பார்த்து, "உன் வீட்டில் செய்வதுதான் சரி. நான் சிரிக்கவைத்தது தப்பு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தத் தடவை யாரும் "ஓ" என்று சொல்லவில்லை.

அந்த நாட்களில் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பூங்காவனம் ஒருநாள் டீ வாங்க இறங்கி வந்தவள் என் பக்கத்தில் நின்றாள். "தானா மூச்சு வுடறா. கொழாய எடுத்துட்டாங்க" என்றாள். போகும்போது திரும்பி, "இனிமே யாரு இன்னா சொன்னாலும் மொதல்ல ஆஸ்பத்திரி. அப்பறம்தான் கேப்போம்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். எனக்கு அது போதும் போல இருந்தது.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் அஞ்சலையைப் பார்க்க விட்டார்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, பாதியாக இளைத்திருந்தாள். இமைகள் இன்னும் முழுதாக ஏறவில்லை. அரைக்கண்ணால் என்னை அடையாளம் கண்டு, கிட்டே வரும்படி விரலை அசைத்தாள். குழாய் இருந்த தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. காதை அருகே கொண்டுபோனேன்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே?" என்றாள். "நீங்களும் கையக் குடுத்தீங்களே. கண்ணு முழிச்சதுலேர்ந்து அதான் நெனப்பு. கேட்டா யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

என்னையும் அடுத்த படுக்கையில் போட்டிருப்பார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உங்களைக் கடித்தது அரணை இல்லை அஞ்சலை. பாம்பு. உங்களைப் போகவிடாமல் செய்தது நான்."

அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து, பேஷண்டைப் பேசவைக்காதீர்கள் என்றாள். அஞ்சலை என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். சுட்டுவிரலைத் தனியாகப் பிரித்து, அந்த அரைக்கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் பார்த்து முடிக்கும்வரை குனிந்தபடியே நின்றேன்.